மூன்றில் ஒன்று அத்தைக்கு

என் அத்தைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "உடைக்கிற வேலை" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை அவசரத்தில் "உடை வேலை" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மாடிவீட்டு அம்மா ஒரு பாவாடையைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் வந்துவிட்டார்.

"இதுக்கு ஓரம் மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்களேன்."

"அடிச்சுத் தரலாம். நான் சம்மட்டியால அடிப்பேன், பரவாயில்லையா?" என்றாள் அத்தை.

மாடிவீட்டு அம்மா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அதிலிருந்து அந்த அம்மா எங்கள் வாசலைத் தாண்டும்போது கொஞ்சம் வேகமாகத்தான் நடப்பார்.

அத்தை உடைப்பது பந்தயக் கார்களின் பாகங்களை. ஊர் ஓரத்தில் ஒரு மரக்கடைக்கும் லாரி கழுவும் இடத்துக்கும் நடுவே தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே சில பேர் சேர்ந்து சிறிய பந்தயக் கார்களைச் செய்கிறார்கள். அவை தெருவில் போகும் கார் மாதிரி இருக்காது. இரண்டு பேர் உட்காரும் அகலம் உண்டு, ஆனால் ஒருவர்தான் உட்காருவார். கூரை கிடையாது. மெல்லிய இரும்புக் குழாய்களை வெல்டு வைத்துச் செய்த கூடு, அதன்மேல் கண்ணாடியிழையில் ஓர் உடல், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகள் எஞ்சினைப் பெரிதாக்கி வேகம் எடுக்கும். இவர்களிடம் அதற்கு வசதியில்லை. எடையைக் குறைத்து வேகம் எடுப்பார்கள்.

முதலாளிக்குப் பட்டப்பெயர் கிராம். தராசு இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. போல்ட்டு நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீட்டிய நுனியை அறுத்து, அறுத்த துண்டை எடை போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுவார். பிரேக் மிதியில் துளை போடுவார். பெயின்ட் கனம் என்று சுரண்டச் சொல்வார். ஓட்டுபவர் முடி வெட்டிக்கொண்டு வந்தால் அன்று முழுதும் அவரிடம் அன்பாக இருப்பார்.

முதல் காரை ஓட்டியவர் மாமா, அத்தையின் கணவர். அந்தக் கொட்டகையிலேயே எஞ்சின் வேலை பார்த்தவர். அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் தெருவே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். தட்டு பறக்கும், செருப்பு பறக்கும். ஒருமுறை அத்தை எறிந்த டம்ளர் மாமாவின் நெற்றியில் பட்டு வீங்கியது. அந்த வீக்கத்தோடு அவர் ஹெல்மெட் போட முடியாமல் தவித்தபோது, அத்தையே ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கத்தரித்துக் கொடுத்தாள். அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

இதைப் படிப்பவர்களுக்கு விளங்குவதற்காக ஒரு பாகத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்தை வண்டியின் கூட்டோடு பிடித்துவைத்திருப்பது, கவட்டை மாதிரி பிரிந்த இரண்டு குழாய்கள். கொட்டகையில் அதற்குப் பெயரே கவட்டைதான். அது போனால் சக்கரம் போய்விடும்.

போய்விட்டது. மிக வேகமாக எடுக்கிற ஒரு வளைவில் மாமாவின் இடது கவட்டை முறிந்தது. சக்கரம் மடங்கி உள்ளே வந்தது. கார் சுவரில் மோதி, புரண்டு, தலைகீழாகவே வெகுதூரம் தேய்ந்துகொண்டு போனது. கூரை இல்லாத கார் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

மாமாவின் உடலை வீட்டில் கிடத்தியிருந்தபோது கிராம் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் முறிந்த கவட்டை இருந்தது. எதற்காக அதை எடுத்துக்கொண்டு வந்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. அத்தையிடம் நீட்டி, "இதுதான்மா உடைஞ்சது" என்றார்.

அத்தை அதை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதாலேயே அவரை அடித்தாள்.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது அடிக்கு அவர் கையைத் தூக்கினார், முழங்கை கிழிந்தது. அத்தையின் இரண்டு தம்பிகளும், அதாவது என் அப்பாவும் சித்தப்பாவும், அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். கிராம் ஓடவில்லை. "விடுங்க, அடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு சுவரோடு நின்றார். சுவரில் அவர் ரத்தம் ஒழுகிய கறை பல நாள் இருந்தது. அப்பாதான் கடைசியில் வெள்ளையடித்தார்.

"இதை நீ உடைச்சுப் பாத்தியா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் அத்தை.

"கணக்குப் போட்டுப் பாத்தேம்மா. தாங்கணும்."

"கணக்கா ஓட்டிச்சு? அவரு இல்ல ஓட்டினாரு!"

அத்தை கவட்டையைக் கீழே எறிந்தாள்.

"இனிமே நீ எதைச் செஞ்சாலும் முதல்ல நான் உடைப்பேன். நான் உடைச்ச பிறகுதான் எவனும் அதுல உக்காரணும். கேக்குதா?"

தோளைப் பிடித்தபடி அவர் தலையாட்டினார்.

அத்தைக்கு அந்த வேலை கிடைத்த கதை இதுதான். பாவம் பார்த்துக் கொடுத்த வேலை என்று உறவில் சிலர் சொல்வார்கள். அத்தையின் காதில் விழுந்தால், "பாவம் பாத்திருந்தா உக்கார நாற்காலி போட்டிருப்பான். இவன் சம்மட்டியில்ல வாங்கிக் குடுத்தான்" என்பாள்.

கொட்டகையில் அன்றிலிருந்து ஒரு வழக்கம். எந்தக் கவட்டையானாலும் மூன்றாகத்தான் செய்ய வேண்டும். ஒரே குழாய், ஒரே கை, ஒரே மெஷின். ஒன்று இடப்பக்கத்துக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு, ஒன்று அத்தைக்கு. எது தனக்கு என்பதை அத்தைதான் எடுப்பாள், யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதைத் தரையில் பதித்த இரும்புச் சட்டத்தில் மாட்டி, அடியில் ஜாக்கி வைத்து ஏற்றுவாள். குழாய் முனகும். அதன்பிறகு சம்மட்டியை எடுப்பாள். குழாய் வளைந்தால் தேறியது. கோணிய சக்கரத்தோடு ஓட்டுபவர் தடுமாறியாவது வண்டியை நிறுத்திவிடலாம். வெல்டு பிய்ந்தால் சக்கரமே கழன்று போகும். அப்போது மூன்றும் குப்பைக்குப் போகும். ஒருநாள் பிய்ந்து தெறித்த துண்டு ஒன்று அவள் புருவத்தைப் பிளந்தது. ஒரு கையால் ரத்தத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் மற்ற இரண்டையும் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டுத்தான் தையல் போடப் போனாள்.

கிராமுக்கும் அவளுக்கும் தினமும் போர்தான். அவர் குழாயின் தடிப்பைக் குறைப்பார், இவள் உடைப்பாள். மூலையில் தகரத்துண்டு ஒன்றை வைத்து மறுபடியும் கொண்டுவருவார், இவள் மறுபடியும் உடைப்பாள். ஒவ்வொரு சுற்றிலும் பாகம் இன்னும் கொஞ்சம் மெலிந்து, இன்னும் கொஞ்சம் பலமாகித் திரும்பி வரும். அந்தக் கார் வளர்ந்தது இப்படித்தான்.

"இந்தத் தகரமும் கனம்தான். இது இல்லாமலே தாங்கும்" என்று கிராம் ஒருநாள் கத்தினார்.

"யோவ், இந்த வண்டியில குறைக்க வேண்டிய கனம் ஒண்ணே ஒண்ணுதான்யா பாக்கி. உன் தலைக்கனம். அதை முதல்ல தராசுல வை."

வெல்டு வைப்பவருக்குப் பொறி என்று பெயர். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறையத் தழும்பு. அத்தையைவிட வயதில் சின்னவர். தன் வெல்டு பிய்ந்துவிடுகிறதே என்று வெட்கப்பட்டு ஒருமுறை ஒரு தந்திரம் செய்தார். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு தடவை வெல்டு வைத்து, அதை அத்தையின் கைக்கு எட்டுகிற மாதிரி மேசை ஓரத்தில் வைத்தார். அத்தை அதைத்தான் எடுத்தாள். சட்டத்தில் மாட்டப் போனவள் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். மற்றொன்றையும் தூக்கிப் பார்த்தாள்.

"இது ஏன்டா கனக்குது?"

பொறி சிரித்தார். அந்தக் கவட்டை அவர் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த தகரச் சுவரைக் கிழித்து, மரக்கடைக்குள் விழுந்தது. மரக்கடைக்காரர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தார். அத்தை அவரையும் திட்டி அனுப்பினாள்.

"அக்கா, கொன்னுருப்பீங்க!" என்றார் பொறி காதைத் தடவியபடி.

"நீ என் தம்பியைக் கொல்லப் பாத்தே. சரியாப் போச்சு."

தம்பி என்றது சித்தப்பாவை. மாமாவுக்குப் பிறகு அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் அவர்தான். சின்ன வயதில் அவரை அடித்து வளர்த்தவள் அத்தை. வளர்ந்த பிறகு அவர் திருப்பி அடிக்கக் கற்றுக்கொண்டார். வீட்டில் இரண்டு பேரும் மல்லுக்கட்டி அலமாரிக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். அவர் ஓட்டப் போகிறேன் என்று சொன்ன நாளில் அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "நான் உடைக்காததுல நீ உக்காரக் கூடாது." சித்தப்பா சத்தியம் செய்யவில்லை. "சரி சரி" என்றார். அந்த "சரி சரி"யில்தான் எல்லாம் வந்தது.

அந்தப் பந்தயம் கொட்டகைக்குப் பெரியது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பந்தயப் பள்ளிக்காரர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். வண்டி கடைசிவரை ஓடி முடித்தால் பள்ளிக்கு வரிசையாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் கொட்டகை அடுத்த பருவத்தைப் பார்க்காது. இது எல்லோருக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

காலைப் பயிற்சியில் பக்கவாட்டில் வந்த கார் ஒன்று இடித்து வலப்பக்கக் கவட்டை கோணிப்போனது. கொண்டுவந்திருந்த மாற்றுக் கவட்டை முந்தின நாளே இடப்பக்கத்துக்குப் போய்விட்டது. பொறி, காரை ஏற்றி வந்த லாரியைத் துழாவி ஒரு குழாய்த் துண்டைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு கவட்டைதான் வரும். பக்கத்து அணியில் இரவல் வாங்கிய வெல்டிங் மெஷினில், பழக்கமில்லாத கம்பியை வைத்து, புழுதிக்காற்றில் குந்தியபடி ஒட்டினார்.

இதற்குமேல் நடந்ததை அத்தையும் பொறியும் கிராமும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். மூன்றிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன்.

அத்தை வந்து பார்த்தாள். "மத்தது ரெண்டும் எங்க?"

"ஒண்ணுதான்க்கா வந்தது. குழாய் இல்ல" என்றார் பொறி.

"அப்ப எதை உடைக்கிறது?"

கிராம் தராசில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இன்னைக்கு ஒரு நாள் விட்ரும்மா. கும்பிட்டுக் கேக்கறேன்."

"நீ கேட்டாப் போதுமா? அது கேக்குமா?"

"அக்கா, நான்தான உக்காரப் போறேன்?" என்றார் சித்தப்பா. "எனக்குச் சம்மதம். நீ போய் நிழல்ல உக்காரு."

"உங்க மாமாவும் சம்மதத்தோடதான்டா உக்காந்தாரு."

"எதுக்கெடுத்தாலும் மாமா! அவர் செத்துட்டாரு, நான் இன்னும் சாகல. என்னை ஓட்ட விடு!"

அத்தை கவட்டையைப் பறித்தாள். சித்தப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவள் அவர் கையைக் கடித்தாள், பல் பதிந்து ரத்தம் வந்தது, கவட்டை தரையில் விழுந்தது. அவர் அவளை இடுப்போடு தூக்கிக்கொண்டு போய் லாரியின் பின்பக்கப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைத் தாழிட்டார். உள்ளேயிருந்து அவள் கத்திய வார்த்தைகளை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. பக்கத்து அணிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பந்தயப் பள்ளிக்காரரும் பார்த்தார்.

சித்தப்பா ஒரு தப்புச் செய்தார். கருவிகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. சம்மட்டியும்.

கவட்டையைப் பூட்டி முடித்திருந்தார்கள். வண்டி ஸ்டாண்டின் மேல் நின்றது. வலது சக்கரம் இன்னும் மாட்டவில்லை. சித்தப்பா இருக்கையில் இறங்கி, பெல்ட்டுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது லாரிக் கதவு கீலோடு பெயர்ந்து வெளியே விழுந்தது.

அவள் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். கிராம் குறுக்கே போனார். சம்மட்டியின் காம்பு அவர் நெஞ்சில் இடித்தது, அவர் உட்கார்ந்துவிட்டார். பொறி விலகிக்கொண்டார்.

"வேணாம்! அக்கா! வேணாங்கறேன்ல!" என்று சித்தப்பா பெல்ட்டுக்குள் திமிறிக்கொண்டு அலறினார். அவசரத்தில் கொக்கி கழலவில்லை.

அத்தை அடித்தாள். கண்ணாடியிழை உடல் சிதறியது. மறுபடி அடித்தாள். வண்டி ஸ்டாண்டிலிருந்து வழுக்கி, சித்தப்பாவோடு தரையில் மோதியது. மறுபடி அடித்தாள். கவட்டை வளைந்தது. இன்னும் அடித்தாள். கவட்டை வில் மாதிரி வளைந்து தரையைத் தொட்டது.

பிறகு சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டாள். வெல்டு வைத்த இடங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தாள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மூலையில் ஒன்று. எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை.

"வெல்டு விடல" என்றாள்.

அவள் நினைத்தது நடக்கவில்லை. பிய்ந்திருந்தால் அங்கே எல்லோரும் அவள் காலில் விழுந்திருப்பார்கள். இரவல் மெஷினில், புழுதியில், குந்திக்கொண்டு பொறி வைத்த வெல்டு, அவர் வாழ்நாளில் வைத்ததிலேயே நல்ல வெல்டு. அது உள்ள வண்டியைத்தான் அவள் நொறுக்கிப்போட்டிருந்தாள்.

சித்தப்பா எப்படியோ கொக்கியைக் கழற்றி வெளியே வந்தார். அவரும் குனிந்து பார்த்தார்.

"அப்ப நான் ஓட்டியிருக்கலாம்."

"ஓட்டியிருக்கலாம்" என்றாள் அத்தை.

"ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காது. ஆனா அது எனக்கு இப்பதான்டா தெரியும்."

சித்தப்பா அவள் வாயில் குத்தினார். கைவிரலை மடக்கி, முழு பலத்தோடு. அவள் பின்னால் சாய்ந்து டயர் அடுக்கின்மேல் விழுந்தாள். எழுந்தாள். அவர் மறுபடியும் குத்தினார். அதற்கும் எழுந்தாள். கையைத் தூக்கவே இல்லை. அத்தை திருப்பி அடிக்காத சண்டை அது ஒன்றுதான். மூன்றாவது குத்துக்கு அவர் கையை ஓங்கியபோது பொறி குறுக்கே வந்து அதைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டார்.

மற்ற கார்கள் கிளம்பிய சத்தத்தில் யார் யாரைத் திட்டினார்கள் என்பதே கேட்கவில்லை. பள்ளிக்காரர் பந்தயம் முடியும்வரைகூட இருக்கவில்லை. பொறி மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு அத்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா. நல்லா ஒட்டியிருக்கேன்ல?"

அத்தை ரத்தத்தைத் துப்பினாள். அதோடு ஒரு பல்லும் வந்தது. "நல்லா ஒட்டியிருக்கேடா" என்றாள். அதைக் கேட்டுவிட்டு அவர் அழுதார்.

கொட்டகை முழுதாகச் சாகவில்லை. பாதி இடத்தை மரக்கடைக்காரருக்கு விட்டுவிட்டு, மீதிப் பாதியில் லாரிக்குக் கொக்கி, கடைக்குக் கதவு என்று வந்த வேலையைச் செய்து, இடையிடையே அடுத்த காரைக் கட்டினார்கள். அத்தையை ஏன் இன்னும் வேலையில் வைத்திருக்கிறீர்கள் என்று கிராமை நானே கேட்டேன்.

"எலும்பை உடைச்சப்பவே ஒண்ணும் சொல்லல. வண்டியை உடைச்சதுக்கா சொல்லப் போறேன்?" என்றார். பிறகு தராசைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் கவட்டையை எடை போட்டுப் பாத்தேன். இருக்கறதுலேயே லேசு" என்றார்.

சித்தப்பா பெரிய கம்பெனி ஒன்றின் அணிக்குப் போனார். அங்கே அவரை ஓட்ட விடவில்லை. மற்றவர்கள் ஓட்டுவதற்கு டயரைச் சூடாக்கித் தரச் சொன்னார்கள். புதுக் கார் தயாராகும் நேரத்தில் ஒருநாள் காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்றார். கிராம் தராசைப் பார்த்துவிட்டு, "முடி வெட்டிட்டு வா" என்றார்.

அத்தையோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை. வீட்டில் அவள் இருக்கும் அறைக்குள் வர மாட்டார். சாப்பாட்டு வேளையில் அவள் வைத்த தட்டை எடுக்க மாட்டார். அவளும் கெஞ்சவில்லை.

புதுக் காரின் முதல் ஓட்டத்துக்கு நானும் போயிருந்தேன். சித்தப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியின் பக்கத்தில் வந்தார். ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார். அத்தை கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, அந்தப் பக்கம் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பொறியைக் கூப்பிட்டார்.

"உடைச்சாச்சா?"

பொறி அத்தையின் முகத்தைப் பார்த்தார். அத்தை தலையசைத்தாள்.

"உடைச்சாச்சு" என்றார் பொறி.

"வெல்டு?"

"விடல. குழாய்தான் வளைஞ்சது."

சித்தப்பா இன்னொரு காலையும் உள்ளே வைத்து உட்கார்ந்தார்.